கட்டைவிரலை எடுக்காத ஒன்பது பேர்

பன்னிரண்டு பேருக்குக் கொடுத்தனுப்பிய மெஷின்களில் ஒன்பது ஒரே இடத்தில் நின்றிருந்தன. ஏழாம் பாகம், நான்காம் காட்சி. ஒரு நூல் முன்னே இல்லை, ஒரு நூல் பின்னே இல்லை. கம்ப்யூட்டரில் வந்த பட்டியலைப் பெரியவள் விரலை வைத்து இரண்டு தடவை படித்தாள். தம்பியின் நான்கு வருஷத்து உழைப்புக்குத் தன் கையாலேயே கொள்ளி வைக்க வேண்டி வருமென்று அவள் சொப்பனத்திலும் நினைக்கவில்லை.

பெரியவள் என்பது வீட்டில் வைத்த பேர். தலைச்சன் பிள்ளை, அதனால் பெரியவள். அவளுக்குக் கீழே இரண்டு தங்கைகள். அவர்களில் மூத்தவள் தாய்மாமன் வீட்டுக்கே மருமகளாக வாழப்போனாள். இளையவள் கடல் தாண்டிப் போனாள். எல்லோருக்கும் கடைசியாக, இனிமேல் பிள்ளை இல்லை என்று பழைய துணியையெல்லாம் கிழித்துக் கைப்பிடித்துணியாக்கிய பிறகு பிறந்தவன் சின்னவன். அவனுக்கும் பெரியவளுக்கும் பதினாறு வயது வித்தியாசம். அவன் பிறந்த மூன்றாம் மாதமே அப்பா போய்விட்டார். பெரியவள் அவனை இடுப்பில் வைத்துக்கொண்டேதான் பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் படித்தாள். அவன் அவளுடைய கணக்குப் புத்தகத்தில் பாதியைத் தின்றுவிட்டான். மீதிப் பாதியை வைத்துக்கொண்டு அவள் பாஸானது அந்தக் குடும்பத்தில் இன்றைக்கும் பேச்சு.

பத்தொன்பது வயதில் ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தாள். விசாரணை ஜன்னலுக்குப் பின்னால் நாற்காலி. முப்பத்திரண்டு வருஷம் அதே நாற்காலி, மெத்தை மட்டும் மூன்று தடவை மாறியது. கெட்ட செய்தி சொல்ல டாக்டர் கூப்பிடும்போது சொந்தக்காரர்களை உள் அறைக்கு அழைத்துப்போவது அவள். அழுது முடித்து வெளியே வருகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பதும் அவள். தண்ணீரோடு ஒரு வார்த்தையும் கொடுப்பாள். "கஷ்டப்படலைங்க. தூக்கத்துலயே போயிட்டாங்க." நிஜமா பொய்யா என்று இதுவரை ஒருவரும் அவளைத் திருப்பிக் கேட்டதில்லை. அந்தக் கூடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து அவள் கற்றுக்கொண்டது ஒன்றுதான். முகம் பொய் சொல்லும், கை சொல்லாது. சிரித்துப் பேசிக்கொண்டே கைக்குட்டையைக் கயிறாக முறுக்குகிறவர்களை அவள் ஆயிரம் பேர் பார்த்திருக்கிறாள்.

அப்புறம் ஜன்னலை எடுத்துவிட்டு, பொத்தானை அமுக்கினால் சீட்டு வரும் பெட்டி ஒன்றை ஆஸ்பத்திரிக்காரர்கள் வைத்தார்கள். பெட்டி சம்பளம் கேட்காது. ஐம்பத்தோரு வயதில் வீட்டுக்கு வந்தவளைச் சின்னவன்தான் தன் கம்பெனிக்குக் கூட்டிப்போனான். டயர் கடைக்கு மேலே மூன்றாம் மாடி, முப்பது பேர், எல்லோரும் கேம் செய்கிறவர்கள். அங்கே அவளுக்குக் கிடைத்த வேலை பார்ப்பது. புது கேமை வெளியாட்களிடம் கொடுத்து விளையாடச் சொல்லுவார்கள். பெரியவள் பக்கத்தில் உட்கார்ந்து அவர்கள் கையைப் பார்த்து நோட்டில் எழுத வேண்டும். எந்த இடத்தில் விரல் தடுமாறியது, எந்த இடத்தில் வேர்வையைத் துடைத்தார்கள், எந்த இடத்தில் போனை எடுத்துப் பார்த்தார்கள். அவள் எழுதுகிற மாதிரி கேமராகூடப் பிடிக்காது என்று பேரெடுத்தாள்.

அந்த வேலைக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. கதை என்ன என்று பார்ப்பவருக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் திருப்பம் வரும் நேரத்தில் பார்ப்பவரின் முகமே காட்டிக்கொடுத்துவிடும். அதனால் திரையை அவள் பார்ப்பதில்லை. மூன்று வருஷம் கேமுக்கு நடுவிலேயே இருந்தும் ஒரு கேம் விளையாடியதில்லை. பந்தியில் பரிமாறுகிறவள் பசியோடு நிற்பது மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தத் தடவை சோதனைக்கு வந்தது சின்னவனே எழுதிய கேம். சண்டை இல்லை, துப்பாக்கி இல்லை. ஒரு வீடு, ஒரு பையன், அவன் வளருகிறான், அவ்வளவுதான் என்று வெளியே பேசிக்கொண்டார்கள். வயது வந்தவர்களுக்கு மட்டும் என்று மேலே அச்சடித்திருந்தது. இந்தச் சோதனைக்கு மட்டும் வேறு ஆளைப் போடச் சொல்லிச் சின்னவன் கேட்டுப்பார்த்திருந்தான். மேலிடம் ஒத்துக்கொள்ளவில்லை. சேதி காதில் விழுந்தபோது, அதிகம் படிக்காத அக்காவைக் கூட வைத்துக்கொள்ள வெட்கப்படுகிறான்போல என்று பெரியவள் இரண்டு நாள் அவனிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

கேம் டிவியில் மாட்டும் பெட்டிக்குத் தயாராகிவிட்டது. அடுத்து அந்தப் புது மெஷினுக்கும் செய்யலாமா வேண்டாமா என்பதில்தான் சண்டை. அந்த மெஷினை வீட்டில் டிவியோடு சொருகியும் விளையாடலாம், உருவிக் கையில் எடுத்துக்கொண்டு பஸ்ஸிலும் விளையாடலாம். விற்பனை மேலாளர் அதற்கு ரெண்டுங்கெட்டான் என்று பேர் வைத்திருந்தார். அவர் நல்ல உயரம், ஐந்து நிமிஷத்துக்கொரு தரம் மணி பார்ப்பார். அவருக்கு ஆபீஸ் வைத்த பேர் மணிக்கூண்டு.

"இந்த ரெண்டுங்கெட்டான்ல என்ன விக்கும்? குதிக்கிறது விக்கும், ஓடுறது விக்கும், பழத்தைப் பொறுக்குறது விக்கும். அழுமூஞ்சிக் கதை எடுபடாது. பஸ்ல கம்பியப் புடிச்சிட்டு நின்னு எவன் அழுவான்?" என்று அவர் கேட்டார்.

"பஸ்லதான் சார் நிறைய பேர் அழுவாங்க. நீங்க கார்ல வர்றீங்க" என்றான் சின்னவன்.

சிரிப்பு எழுந்தாலும் மணிக்கூண்டு விடவில்லை. கடைசியில் கம்பெனித் தலைவி ஒரு முடிவு சொன்னார். பன்னிரண்டு பேருக்கு டிவிப் பெட்டி, பன்னிரண்டு பேருக்குக் கைமெஷின், பத்து நாள் வீட்டில் வைத்து விளையாடட்டும். கைமெஷின்காரர்களில் பாதிப் பேராவது முடித்தால் போடலாம். இல்லையென்றால் அதோடு சரி. சின்னவனின் ஆறு பேர் கொண்ட குழுவைக் கலைத்து, அவனைக் கார்ப் பந்தய கேமுக்கு வசனம் எழுத அனுப்புவார்கள். காருக்கு என்ன வசனம்? "வேகம் கூடியது", "டயர் தேய்ந்தது". நாற்பதை நெருங்குகிறவன் அதை எழுதிக்கொண்டு எத்தனை நாள் இருப்பான்?

டிவிக்காரர்கள் பன்னிரண்டு பேரில் பதினொரு பேர் முடித்துவிட்டார்கள். கைமெஷின்காரர்களில் முடித்தவர்கள் இரண்டே பேர். ஒருவருடைய பிள்ளை, இடம் பத்தவில்லை என்று அந்த கேமையே அழித்துவிட்டுப் பந்தாட்டத்தை ஏற்றி வைத்திருந்தான். மீதி ஒன்பது பேரும் ஏழாம் பாகம், நான்காம் காட்சி. பெரியவளின் படிவத்தில் இரண்டே கட்டம். "முடித்தார்", "விட்டுவிட்டார்". ஒன்பது பேருக்கு நேரே இரண்டாம் கட்டத்தில் குறி போட்டாள். போடும்போது பேனா இரண்டு தடவை எழுதாமல் போனது. பேனாவுக்கே மனசில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

திங்கள்கிழமை பகல் முழுக்க மெஷின்களைத் திரும்ப வாங்க வீடு வீடாக அலைந்தாள். முதலில் லிஃப்ட் மெக்கானிக் வீடு. ஐம்பது வயசு ஆள், கையெல்லாம் கிரீஸ். மெஷினைத் துண்டில் சுற்றி, பச்சைப்பிள்ளையை நீட்டுவது போல இரண்டு கையாலும் நீட்டினார்.

"என்னங்க இது, போர்வை எல்லாம் போத்தி?"

"எழுப்பிடாதீங்கம்மா."

"யாரை?"

அவர் துண்டின் நுனியை இன்னும் கொஞ்சம் இழுத்து மூடினார். "இன்னும் ஒரு வாரம் வெச்சுக்கலாமா?" என்றார்.

"நீங்கதான் ஒரு வாரமா தொடவே இல்லையே. பட்டியல்ல வந்திருக்கே."

"தொடல. ஆனா வெச்சிருந்தேன்."

அடுத்தது பள்ளிக்கூட வேன் ஓட்டுகிற பெண். அவள் மெஷினை வேனிலேயே, தன் இருக்கைக்குப் பக்கத்தில் சார்ஜில் சொருகி வைத்திருந்தாள். "கழட்டினா உடனே வேற இடத்துல சொருகிடுவீங்கல்ல அக்கா?" என்று மூன்று தடவை கேட்டாள்.

"பிடிக்கலன்னா பிடிக்கலன்னு சொல்லிடுங்க. நான் ஒண்ணும் நினைக்க மாட்டேன். அதுக்குத்தான் கேக்குறது."

"பிடிக்கலையா?" அந்தப் பெண் பெரியவளைப் பைத்தியத்தைப் பார்ப்பது போலப் பார்த்தாள். அதற்குள் வேனுக்குள் இரண்டு வாண்டுகள் சண்டை போட ஆரம்பிக்க, திரும்பி ஒரு அதட்டு அதட்டினாள். மறுபடி மெஷின் பக்கம் திரும்பியபோது அவள் கை, ஆஸ்பத்திரிக் கூடத்தில் கைக்குட்டை முறுக்குகிறவர்களின் கை மாதிரியே இருந்தது. பெரியவள் அதைக் கவனித்தாள். என்னவென்றுதான் பிடிபடவில்லை.

சாயங்காலம் ஆபீஸில் மெஷின்களை மேசையில் வரிசையாக வைத்தபோது உறைத்தது. ஒன்பதிலும் சார்ஜ் நிறைந்திருந்தது. ஒன்றில் தொண்ணூறு, ஒன்றில் எண்பத்தெட்டு, ஒன்றில் முழுசாக நூறு. மூன்று வருஷத்தில் அவள் எத்தனை கேம் திரும்ப வாங்கியிருக்கிறாள். சலித்துப்போய் விட்டவன் மெஷினை எங்காவது மூலையில் போடுவான். அது செத்துக் கிடக்கும். விளையாடாமல் போட்டுவிட்ட மெஷினுக்கு எவராவது தினம் சோறு ஊட்டுவார்களா?

இருபது அடி தள்ளித் தம்பி உட்கார்ந்திருந்தான். கேட்டிருக்கலாம். ஆனால் புதன்கிழமை பதினொரு மணிக்குக் கூட்டம். அதுவரை எழுதியவனோடு பேசக் கூடாது என்பதும் கட்டுப்பாடு. கட்டுப்பாடு மீறாமல் முப்பத்திரண்டு வருஷம் ஜன்னலில் இருந்தவள் அவள். அலமாரியில் யாருக்கும் கொடுக்காத பதின்மூன்றாவது மெஷின் ஒன்று இருந்தது. பார்க்கும் வேலைதான் முடிந்துவிட்டதே, இனி கதை தெரிந்தால் என்ன என்று கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொண்டு போனாள்.

செவ்வாய்க்கிழமை லீவு. வீட்டில் காலையில் உட்கார்ந்தவளுக்கு எப்படி விளையாடுவது என்று பழகவே ஒரு மணி நேரம் ஆனது. பையனை நடக்கச் சொன்னால் சுவரில் போய் முட்டினான். அப்புறம் பழகிவிட்டது. பையன் பள்ளிக்கூடம் போனான், பல் விழுந்தது, ஜுரம் வந்தது. வீடு மாடியில் இருந்தது. ஜன்னல் தாழ்ப்பாளை நூலால் கட்டியிருந்தார்கள். மாடிப்படியில் மூன்றாவது படி மூளியாக இருந்தது. அவள் உட்கார்ந்திருந்த வீட்டிலும் தாழ்ப்பாளுக்கு நூல்தான், மூன்றாம் படி மூளிதான். அவள் சிரித்துக்கொண்டாள். தம்பிக்குக் கற்பனை போதாது, நம் வீட்டையே எடுத்து வைத்திருக்கிறான் என்று நினைத்தாள். எந்த வீட்டில்தான் மூளிப்படி இல்லை?

மத்தியானம், பந்தாட்டம் ஏற்றி வைத்தவர் வீட்டிலிருந்து கடைசி மெஷினை வாங்கக் கிளம்பினாள். பஸ்ஸில் ஜன்னலோர இருக்கை கிடைத்தது. ஏழாம் பாகம் அங்கேதான் தொடங்கியது.

பையனுக்கு இப்போது பத்தொன்பது வயசு. நான்காம் காட்சியில் அம்மா கட்டிலில் படுத்திருக்கிறாள். கட்டில் வாசலைப் பார்த்து இருக்கிறது. நீலக்கோடு போட்ட போர்வை. கையைப் பிடித்துக்கொள்ள பட்டனை அழுத்திக்கொண்டே இருக்கச் சொல்லித் திரையில் எழுத்து வந்தது. பெரியவள் கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். மெஷின் மெல்ல, நாடி துடிப்பது போல உள்ளங்கையில் அதிர்ந்தது. அம்மா கண்ணைத் திறந்தாள்.

"படியில சத்தம் கேக்குதே. பெரியவ வந்துட்டாளா?"

பெரியவளுக்கு முதலில் அர்த்தமாகவில்லை. காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிப் பார்த்து மறுபடி மாட்டினாள்.

"இல்லம்மா. வந்துடுவா" என்றான் பையன்.

"காலையில சொல்லிட்டுப் போனாளா? தூங்கிட்டேன் போல."

அம்மா இறந்தது பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால், ஒரு மத்தியானம். அன்றைக்குப் பெரியவள் ஆஸ்பத்திரி ஜன்னலில் இருந்தாள். எங்கேயோ பஸ் கவிழ்ந்து, கூடத்தில் நிற்க இடமில்லாத நாள். மூன்று மணிக்குத்தான் வீட்டுக்கு வர முடிந்தது. வாசலில் நின்ற தம்பி சொன்னான்: "தூக்கத்துலயே போயிட்டாங்கக்கா. கஷ்டப்படல. ஒண்ணுமே கேக்கல." அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை வருஷம் அவள் ஓட்டினாள். கேட்ட சொந்தக்காரர்களிடமெல்லாம் அதையே சொன்னாள். குத்திக் குத்திக் கேட்கும் மாமன் பெண்டாட்டியிடம்கூட நிமிர்ந்து நின்று சொன்னாள். அதே வார்த்தையை ஆயிரம் பேருக்குத் தண்ணீரோடு கொடுத்தவள், தனக்கும் ஒருவன் அதையே ஊற்றிக் கொடுத்திருக்கிறான் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை.

"பெரியவ வந்துட்டாளா?" இரண்டாம் தடவை. மூன்றாம் தடவை. கீழே சலவைக் கடையில் போன் இருக்கிறது, ஆனால் போவதென்றால் கையை விட வேண்டும் என்று பையன் மனசுக்குள் பேசினான். அதன் பிறகு கதை நகரவில்லை. அம்மா மூச்சு விட்டுக்கொண்டு வாசலையே பார்த்தாள். அழுத்திய விரலை எடுத்தால்தான் மேலே போகும் என்பது பெரியவளுக்கு விளங்கியது. விரலை எடுத்தால் என்ன ஆகும் என்பதும் விளங்கியது.

"அம்மா, கடைசி ஸ்டாப்பு. இறங்குங்க" என்றார் கண்டக்டர்.

அவள் இறங்க வேண்டிய இடம் ஆறு நிறுத்தத்துக்கு முன்னாலேயே போய்விட்டிருந்தது. ஒரு கையில் மெஷின், கட்டைவிரல் பட்டனில். இன்னொரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பை தோளிலிருந்து வழிய, படியில் பக்கவாட்டாக இறங்கினாள்.

"கொஞ்சம் கையை எடுத்துட்டுத்தான் இறங்குங்களேன். விழுந்து வைக்கப் போறீங்க."

"எடுக்க முடியாதுப்பா" என்றாள்.

கண்டக்டர் ஓட்டுநரைப் பார்த்தார். ஓட்டுநர் உதட்டைப் பிதுக்கினார்.

பஸ் நிலையத்துச் சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்து எவ்வளவு நேரம் அழுத்திக்கொண்டிருந்தாளோ, விரல் மரத்துவிட்டது. அப்போதுதான் மெஷினின் தலையில், ஆள்காட்டி விரலுக்கு எட்டுகிற இடத்தில், அந்தச் சின்னப் பட்டனைப் பார்த்தாள். தூங்க வைக்கும் பட்டன். அதை அமுக்கினால் எல்லாம் அப்படியே உறையும். அம்மா உயிரோடு, கை கைக்குள்ளே. அமுக்கினாள். திரை இருண்டது. சார்ஜ் தீர்ந்தால் காட்சி கலைந்துவிடுமே என்று உடனே தோன்றியது. பக்கத்துப் பழச்சாறுக் கடையில் போய், குடிக்கப்போகாத சாறு ஒன்றுக்குச் சொல்லிவிட்டு, அவர்கள் சுவரில் மெஷினைச் சொருகி வைத்து, பக்கத்திலேயே நின்றாள். நிற்கும்போது லிஃப்ட் மெக்கானிக்கின் துண்டு நினைவுக்கு வந்தது. வேன்காரப் பெண்ணின் கை நினைவுக்கு வந்தது. ஒன்பது பேரில் ஒருவரும் விட்டுவிடவில்லை. விட மனசில்லாமல் வைத்திருந்தார்கள். தப்பான கட்டத்தில் குறி போட்டவள் அவள்தான்.

புதன்கிழமை பதினொரு மணிக்குக் கூட்டம். தலைவி, மணிக்கூண்டு, சின்னவன், பெரியவள். மேசையில் ஒன்பது மெஷினும் சார்ஜில். பெரியவள் தம்பியின் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்தால் பேச்சு வராது என்று அவளுக்குத் தெரியும்.

மணிக்கூண்டு படிவத்தைத் தட்டினார். "ஒன்பது பேர் விட்டுட்டாங்க. அக்கா கையெழுத்து. இதுக்கு மேல என்ன பேச? டிவியில பதினொரு பேர் முடிச்சிருக்காங்க, பெட்டியோட நிறுத்திக்கலாம். மணி பதினொண்ணு அஞ்சு. பதினொண்ணு பத்துக்கு எழுந்துடலாம்."

"தப்பா எழுதிட்டேங்க" என்றாள் பெரியவள்.

மூன்று வருஷத்தில் அவள் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததில்லை. தலைவி பேனாவைக் கீழே வைத்தார்.

பெரியவள் சார்ஜைப் பற்றிச் சொன்னாள், துண்டைப் பற்றிச் சொன்னாள். பிறகு, "டிவிக்காரங்ககிட்டயும் நேத்து சாயங்காலம் போன்ல கேட்டேன். முடிச்சாங்க, நிஜம்தான். ஒரு அம்மா சொன்னாங்க, பின்னால மாமியார் உக்காந்திருந்தாங்க, கண்ணு கலங்கறதுக்குள்ள சட்டுனு விரலை எடுத்துட்டேன்னு. கூடத்துல நாலு பேரை வெச்சுக்கிட்டு எவ்ளோ நேரம் புடிச்சிட்டு இருக்க முடியும்? இது கைக்குள்ள இருக்கு. மூஞ்சிக்கு நேரா, மத்தவங்களுக்குத் தெரியாம. விட வேணாம்னா விடாமலே தூக்கிட்டுப் போகலாம்."

"அக்கா, தம்பி கேம்னு நீங்க இப்படிச் சொல்லக் கூடாது" என்றார் மணிக்கூண்டு. குரலில் கடுமை இல்லை, சங்கடம்தான் இருந்தது. "ஒரு பட்டனை விட முடியலையாம். கதையா இருக்கு." சொல்லிக்கொண்டே எதிரிலிருந்த மெஷின் ஒன்றை எடுத்துத் தலையிலிருந்த பட்டனை அமுக்கிவிட்டார்.

அது லிஃப்ட் மெக்கானிக்கின் மெஷின். திரை வெளிச்சமானது. அழுத்தியிருக்க விரல் இல்லாததால் அம்மாவின் கை நழுவத் தொடங்கியது. பெரியவள் மேசைமேல் பாய்ந்தாள். ஐம்பத்து நான்கு வயசுக்காரி, தண்ணீர் பாட்டிலைத் தட்டிவிட்டு, மேலாளரின் கையோடு சேர்த்து மெஷினைப் பிடித்துக் கட்டைவிரலைப் பட்டனில் ஊன்றினாள். நழுவிய கை நின்றது. தண்ணீர் மேசையிலிருந்து சொட்டியது.

"படியில சத்தம் கேக்குதே" என்றாள் திரையிலிருந்த அம்மா.

பெரியவள் நிதானமாகச் சொன்னாள். "இந்தாங்க. உங்க விரலை என் விரலுக்கு அடியில வைங்க. நல்லா அழுத்துங்க. இப்ப நான் எடுத்துக்கறேன். நீங்க விட்டுடுங்க, கூட்டம் முடிஞ்சுடும்."

மணிக்கூண்டு விரலை வைத்தார். அவள் எடுத்துக்கொண்டு நகர்ந்தாள். உயரமான மனிதர் குனிந்து திரையைப் பார்த்தார். பதினொன்று பத்து ஆனது, அவர் மணி பார்க்கவில்லை. அம்மா கேட்டதும், பையன் சொன்னதும், மறுபடி அம்மா கேட்டதும் அந்தச் சின்னக் குரலில் அறை முழுக்கக் கேட்டது. பதினொன்று இருபது. அவருடைய கட்டைவிரல் நகம் வெளுத்துப்போயிருந்தது.

"இதை எப்படி நிறுத்தறது?" என்று கேட்டார்.

"விரலை எடுத்தா போயிடும் சார்" என்றான் சின்னவன்.

"அது தெரியுதுய்யா. எடுக்காம எப்படி நிறுத்தறது?"

தலைவி எழுந்து வந்து, அவருடைய ஆள்காட்டி விரலைப் பிடித்து மேலே இருந்த பட்டனைக் காட்டினார். அமுக்கினார். திரை இருண்டது. மணிக்கூண்டு மெஷினை மேசையில் வைத்து, சார்ஜ் ஒயர் சரியாகச் சொருகியிருக்கிறதா என்று ஒரு தடவை அமுக்கிப் பார்த்தார். அப்புறம் வெளியே போனார். படிவத்தில் அன்றைக்குத் தலைவி கையால் மூன்றாவது கட்டம் ஒன்றைக் கோடு போட்டுச் சேர்த்தார். "தூங்க வைத்தார்". ஒன்பது குறியும் அதற்கு மாறியது, பத்தாவதாக மணிக்கூண்டின் பேரும் சேர்ந்தது. கேமைக் கைமெஷினில் போடுவது என்று முடிவானது.

வெளிவந்த பிறகு அது ஓஹோ என்று போகவில்லை, போகாமலும் இல்லை. வாங்கியவர்களில் பாதிப்பேர் இன்றைக்கும் முடிக்கவில்லை. முடிக்காதவர்கள்தான் அடுத்தவரிடம் சொல்லி வாங்க வைக்கிறார்கள். இந்தக் கூத்தை மணிக்கூண்டு எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று தெரியாமல் இன்னும் தலையைச் சொறிகிறார். அதெல்லாம் பின்னால் நடந்தது.

அன்றைக்குக் கூட்டம் முடிந்ததும் பெரியவள் மாடிப்படிக்குப் போய் உட்கார்ந்தாள். கீழே டயர் கடையில் காற்றடிக்கும் சத்தம். சின்னவன் வந்து இரண்டு படி கீழே, அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தான்.

"நேர்ல சொல்ல வரலக்கா" என்றான். "நாலஞ்சு தடவை ஆரம்பிச்சேன். ஒவ்வொரு தடவையும் நீ, நல்லவேளை தூக்கத்துலயே போயிட்டாங்கன்னு சொல்லுவ. அப்பறம் எப்படிச் சொல்றது?"

"அதுக்கு ஊருக்கெல்லாம் சொல்லுவியா?"

"ஊருக்குத் தெரியாதுல்ல, அது நம்ம அம்மான்னு."

அவள் பையிலிருந்து பதின்மூன்றாவது மெஷினை எடுத்தாள். "விரலை எடுத்தா என்னடா ஆகும்? நீ சொல்லாத. நானே பாத்துக்கறேன்." கட்டைவிரலை முதலிலேயே பட்டனில் வைத்துக்கொண்டு, மெஷினை எழுப்பினாள். அம்மா கண்ணைத் திறந்து கேட்டாள். பெரியவள் ஒரு மூச்சு இழுத்து விரலை எடுத்தாள்.

அம்மாவின் கை போர்வையில் விழுந்தது. பையன் போனுக்கு ஓடவில்லை. வாசலுக்கு ஓடினான். அங்கே கிடந்த அக்காவின் செருப்பில் தன் இரண்டு கையையும் நுழைத்துக்கொண்டு, மண்டிபோட்டு, மாடிப்படியில் கீழிருந்து மேலே தட்டிக்கொண்டு வந்தான். டக், டக். மூளிப்படியில் ஒரு இடறல், அவள் எப்போதும் இடறுவது போலவே. டக், டக், டக்.

"வந்துட்டா" என்றாள் அம்மா.

அதற்குப் பிறகு திரையில் ஒன்றும் இல்லை. செருப்பைக் கையில் மாட்டியபடி நிலைப்படியில் மண்டிபோட்டிருக்கும் பையனின் முதுகு மட்டும்.

பெரியவள் வாயைத் திறந்தபடி அந்த முதுகையும், இரண்டு படி கீழே இருந்த முதுகையும் மாறி மாறிப் பார்த்தாள். கடை ஆள் டயரை உருட்டி ஒரு பக்கமாகச் சாய்த்தான். அவள் கேட்டாள்.

"எந்தச் செருப்பு?"

"பச்சை. குதி உசரமா இருக்குமே. ஒண்ணுல குதி ஒடிஞ்சிடுச்சு. வேகமாத் தட்டிட்டேன்."

"நீயா ஒடிச்சே?"

"ஆமாக்கா."

"கருமாதிக்கு வந்தவ எடுத்துப் போட்டு ஒடிச்சிட்டாள்னு நான் மூத்தவளைப் பேசினேன்டா. மாமன் வீட்டாளுங்க முன்னாடி வெச்சுப் பேசினேன். இல்லக்கா இல்லக்கான்னு அழுதா. இந்தப் பத்தொன்பது வருஷமா அவ என் வீட்டு வாசல்ல செருப்பையே கழட்டி விடுறதில்ல, கையில புடிச்சிட்டுத்தான் உள்ள வர்றா."

சின்னவன் முதன்முறையாகத் திரும்பி அவளைப் பார்த்தான். அவனுக்கு அது தெரியாது. அவன் எழுதியதிலும் அது இல்லை.

"போனை எடு. மூத்தவளுக்குப் போடு" என்றாள் பெரியவள்.

"என்னன்னு சொல்ல?"

"நீ ஒண்ணும் சொல்லாத. போட்டு எங்கிட்ட குடு."